செட்டிபாளையத்து வளைவும் திருப்பூர்க் கணக்கும்!

சனிக்கிழமை சம்பளம் போட்டு முடித்த பிறகு திருப்பூருக்கு ஒரு பெருமூச்சு வரும். ஞாயிறு காலையில் ஓவர்லாக், ஃபிளாட்லாக் மெஷின்களின் சத்தம் அடங்கியிருக்கும். கட்டிங் டேபிள்கள் காலியாகக் கிடக்கும். அந்த நேரத்தில் கம்பெனி வாசலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சில கார்கள் பல்லடம் ரோட்டைப் பிடிக்கின்றன. கோயிலுக்கோ கொடிவேரிக்கோ போகிற கூட்டமல்ல இது. பின் சீட்டில் ஹெல்மெட், டிக்கியில் ஒரு செட் பழைய டயர், ஒரு கேன் பிரேக் ஆயில். போகிற இடம், செட்டிபாளையம்.

திருப்பூரிலிருந்து செட்டிபாளையத்துக்கு சுமார் ஒரு மணி நேரப் பயணம். பல்லடம் தாண்டியதும் விசைத்தறிச் சத்தமும் கறிக்கோழிப் பண்ணைகளின் நீளக் கொட்டகைகளும் வரும். பிறகு தென்னந்தோப்பு, சோளக்காடு, காற்றாலை. பந்தயத் தடத்துக்குப் போகிற வழி என்று அடையாளம் காட்ட எதுவுமே இல்லாத கொங்குநாட்டுச் சாலை. ஆனால், இந்தியக் கார் பந்தயத்தின் பாதி வரலாறு இந்தச் சுற்று வட்டாரத்தில்தான் இருக்கிறது.

தடத்தின் பெயர் கரி மோட்டார் ஸ்பீட்வே. ‘கரி’ என்பது கரிவரதன். கோவை லட்சுமி மில்ஸ் குடும்பத்தில் 1954-ல் பிறந்தவர். நூற்பாலைக் குடும்பத்துப் பிள்ளையான அவருக்குக் கையெல்லாம் கிரீஸ். சென்னை அருகே சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்தில் வண்டி ஓட்டியவர், தானே ரேஸ் கார்களையும் கட்டினார். 1995-ல் விமான விபத்தில் இறந்துபோனார். அவர் நினைவாகப் பெயர் சூட்டப்பட்ட இந்தத் தடம் 2003-ல் திறக்கப்பட்டது. ஒரு சுற்று 2.1 கிலோமீட்டர். தேசியப் பந்தயங்களும் நடக்கும். சொந்த வண்டியைக் கொண்டுவந்து ஓட்டிப் பார்க்கிற ‘டிராக் டே’யும் நடக்கும்.

டிராக் டே என்பது பந்தயமல்ல. பரிசு கிடையாது, முதலிடம் கிடையாது. காலையில் வண்டியைச் சோதிப்பார்கள். மஞ்சள் கொடிக்கு என்ன செய்ய வேண்டும், சிவப்புக் கொடிக்கு என்ன செய்ய வேண்டும் என்று வகுப்பு எடுப்பார்கள். பிறகு அனுபவத்துக்கு ஏற்றபடி பிரித்து, கால் மணி, இருபது நிமிடம் எனத் தடத்தில் விடுவார்கள். எதிரே லாரி வராது, குறுக்கே மாடு வராது. அவினாசி ரோட்டில் நள்ளிரவில் உயிரைப் பணயம் வைத்துச் செய்கிற வேலையை, ஆம்புலன்ஸ் நிற்கிற இடத்தில் முறையாகச் செய்வதற்கான ஏற்பாடு. வேகத்தில் ஆசையுள்ள பிள்ளையை வைத்திருக்கும் பெற்றோருக்கு இந்த ஒரு காரணம் போதும்.

சரி, எந்த வண்டியில் போவது? பிரச்னை அங்கேதான் தொடங்குகிறது.

“ஒரு காரு பாத்து வெச்சிருக்கறனுங்கப்பா.”

“எத்தன ரூவா கண்ணு?”

“ரெண்டு கோடி வருமுங்க.”

“எத்தன பேரு போலாம்?”

“முன்னாடி ரெண்டு பேருங்க. பின்னாடி கொழந்தைக வேணா உக்காரலாமுங்க.”

அதற்குப் பிறகு அப்பா பேசமாட்டார். டீயை ஆற்றிக் குடிப்பார். திருப்பூரில் இரண்டாம் தலைமுறை தொழிலுக்கு வந்துவிட்ட பல வீடுகளில் கேட்கக்கூடிய பேச்சுதான் இது. அப்பா வறுமையிலிருந்து வந்தவர் என்பதால் மட்டும் தயங்குவதில்லை. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மொத்தமாக மூடப்பட்டதைப் பார்த்தவர் அவர். நூல் விலை ஏறி ஆர்டர் கையைக் கடித்த வருடங்களைப் பார்த்தவர். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீத வரி போட்டபோது, தைத்து முடித்த சரக்கை வைத்துக்கொண்டு விழித்த ஊர் இது. கையில் காசு இருக்கிறதா என்பது இங்கே ஒரு கேள்வி. அடுத்த வருடமும் இருக்குமா என்பது வேறு கேள்வி.

பையனின் ஆசையையும் குறை சொல்ல முடியாது. அவன் கேட்கிற போர்ஷே 911 சும்மா பெயருக்கு ஸ்போர்ட்ஸ் கார் அல்ல. நின்ற இடத்திலிருந்து சுமார் 4 நொடியில் 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொடும். உச்ச வேகம் மணிக்கு 290-க்கும் மேல். அடித்து ஓட்டினாலும் தாங்கும்படி செய்த பிரேக், வளைவில் ஒட்டிக்கொள்ளும் டயர். ஷோரூமிலிருந்து நேராகத் தடத்துக்குப் போய் ஓட்டி, அதே காரில் இரவு வீடு திரும்பலாம். அந்த நம்பிக்கைக்குத்தான் அந்த விலை.

ஆனால் விலை அதோடு நிற்பதில்லை. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து 20 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட புதிய கார்களுக்கு ஆயுள் வரி 20 சதவீதம். இரண்டு கோடி ரூபாய் காருக்கு வரி மட்டும் 40 லட்சம். கார் வாங்கும் முன்பே போய்விடும் அந்த 40 லட்சத்தில் ஒரு நல்ல ஸ்விஃப்ட்டும் வாங்கி, அதைப் பல வருடங்கள் தடத்தில் ஓட்டி, டயரும் பிரேக்கும் மாற்றிக்கொண்டே இருந்தாலும் மிச்சம் இருக்கும்.

“கம்பெனி பேரில் வாங்கினால் ஜி.எஸ்.டி. திரும்ப வருமே” என்று சிலர் நினைக்கிறார்கள். பனியன் கம்பெனிக்காக வாங்கும் சொகுசு காருக்கு அந்த உள்ளீட்டு வரிச் சலுகை கிடையாது. தையல் மெஷினுக்குக் கிடைப்பது காருக்குக் கிடைக்காது.

இன்னொரு விஷயம், இன்ஷூரன்ஸ். நம் ஊர் மோட்டார் பாலிசிகளில் ‘பந்தயம், வேகச் சோதனை ஆகியவற்றுக்குப் பயன்படுத்தினால் பொறுப்பில்லை’ என்ற வாசகம் வழக்கமாக இருக்கும். ‘இது பந்தயம் இல்லை, டிராக் டே’ என்று விளக்கிப் பணம் வாங்குவது எளிதல்ல. தடத்துக்குள் போகும் முன்பு, சேதத்துக்கு நானே பொறுப்பு என்று எழுதியும் கொடுத்திருப்பார்கள். ஆக, வளைவில் ஈரத்தில் வழுக்கித் தடுப்பில் மோதினால் முழுச் செலவும் சொந்தக் கையிலிருந்துதான். இரண்டு கோடி காரை ஓட்டுகிறவர் மனதில் ஒவ்வொரு வளைவிலும் இந்தக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். பயந்து ஓட்டினால் கற்றுக்கொள்ள முடியாது. பயமில்லாமல் ஓட்டினால் மோதிவிடலாம்.

செட்டிபாளையத் தடத்தின் அமைப்பும் சின்ன வண்டிகள் பக்கம்தான் பேசுகிறது. கிரேட்டர் நொய்டாவில் 2011-ல் முதல் இந்திய ஃபார்முலா 1 பந்தயம் நடந்த புத் சர்வதேசத் தடத்தின் ஒரு சுற்று 5 கிலோமீட்டருக்கு மேல். ஒரு கிலோமீட்டருக்கு மேல் நேர்பாதை மட்டுமே உண்டு. சென்னை இருங்காட்டுக்கோட்டைத் தடம் 3.7 கிலோமீட்டர். கோவைத் தடம் சின்னது, நெருக்கமானது. ஒரு வளைவு முடிந்து ஆக்ஸிலேட்டரை மிதிப்பதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். 290 கிலோமீட்டர் வேகத்துக்கு அங்கே இடமே கிடையாது.

எடையும் முக்கியம். 911 காரின் எடை 1,500 கிலோ அளவில். ஸ்விஃப்ட் 900 கிலோவை ஒட்டி. பள்ளிக்கூடத்தில் படித்த இயக்க ஆற்றல் கணக்கை நினைத்துப் பாருங்கள். எடை இரண்டு மடங்கானால் ஆற்றல் இரண்டு மடங்கு. வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்கு. 180 கிலோமீட்டர் வேகத்தில் வரும் 911-ஐ நிறுத்த பிரேக் விழுங்க வேண்டிய வெப்பம், 120-ல் வரும் ஸ்விஃப்ட்டை நிறுத்துவதைப் போல் நான்கு மடங்கை நெருங்கும். பெரிய காரில் அதற்கேற்ற பெரிய பிரேக் இருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் தேய்வதும் அதே கணக்கில்தான் தேயும். அந்தக் காருக்கு டயர் ஒரு செட் மாற்றினால் லட்சம் தாண்டும். ஸ்விஃப்ட்டுக்கு அதில் ஒரு சிறு பங்கு.

அதற்காக வீட்டுக் காரை அப்படியே கொண்டுபோய் அடித்து ஓட்டிவிடவும் கூடாது. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் ஏறிய ஆயில் சூட்டில் சீக்கிரம் கொதிக்கும். கொதித்தால் குமிழி உண்டாகும். பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது. எனவே போகும் முன் புது ஆயில், நல்ல பேட், நாலு டயரிலும் சரியான காற்று. காருக்குள் தண்ணீர் பாட்டில், செல்போன் எதுவும் உருளக் கூடாது. ஓடி முடித்ததும் ஒரு சுற்று மெதுவாக வந்து பிரேக்கை ஆறவிட வேண்டும். நிறுத்திய கையோடு ஹேண்ட் பிரேக்கை இழுக்கக் கூடாது. கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்தால் போதும். உடுப்பு முழுக்கைப் பருத்தியாக இருக்கட்டும். பாலியஸ்டர் தீயில் உருகித் தோலில் ஒட்டும் என்பதைத் திருப்பூர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

வீட்டுக் காரை வருத்த மனமில்லாதவர்கள் பழைய ஸ்விஃப்ட் அல்லது போலோ ஒன்றைத் தடத்துக்கென்றே வைத்துக்கொள்கிறார்கள். பின் சீட்டைக் கழற்றி, உள்ளே இரும்புக் கூண்டு கட்டி, ரேஸ் பெல்ட் போட்டால் பாதுகாப்பும் கூடும். ஆனால் கட்டமைப்பை மாற்றிய வண்டியை ரோட்டில் ஓட்டச் சட்டம் அனுமதிக்காது. லாரியிலோ டிரெய்லரிலோதான் கொண்டுபோக வேண்டும். அந்த வாடகையையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இதைவிடச் சிக்கனமான வழி, வண்டியே வாங்காமலிருப்பது. ரேஸ் பள்ளிகளில் பயிற்சிக்குப் பணம் கட்டினால் ஃபார்முலா காரும் மெக்கானிக்கும் அவர்களுடையது. ஃபார்முலா எல்.ஜி.பி. என்கிற ஒற்றை இருக்கைக் கார்களில் இருப்பது 1,300 சிசி சுசுகி எஞ்சின்தான். எடை குறைவு என்பதால் வளைவில் அது தருகிற அனுபவத்தை விலை உயர்ந்த ரோட்டுக் கார்கள் தருவது கஷ்டம். அதற்கும் கீழே கோ-கார்ட் இருக்கிறது. உலகின் பெரிய ரேஸ் வீரர்களில் அநேகம் பேர் சிறுவயதில் தொடங்கியது அதில்தான்.

சின்ன வண்டி என்றால் சின்ன ஆசை என்று யாரும் நினைக்க வேண்டாம். 1988-ல் கரிவரதன் ஒரு காரியம் செய்தார். வெளிநாட்டு ரேஸ் காருக்குக் காசு கொட்ட முடியாதவர்களும் பந்தயம் ஓட்ட வேண்டும் என்று, நம் வீடுகளில் ஓடிய மாருதி 800-ன் எஞ்சினைப் போட்டு ஒற்றை இருக்கைக் கார்களைக் கட்டினார். அதுதான் ஃபார்முலா மாருதி. 800 சிசிகூட முழுதாக இல்லாத, 796 சிசி எஞ்சின். எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கார் என்பதால் ஜெயிப்பது காசா, கையா என்கிற சந்தேகத்துக்கு இடமில்லை.

இதுவரை ஃபார்முலா 1 பந்தயம் ஓட்டிய இந்தியர்கள் இரண்டே பேர். 2005-ல் ஜோர்டான் அணியில் இறங்கிய கோவையின் நாராயண் கார்த்திகேயன். 2010-ல் இறங்கிய சென்னையின் கருண் சந்தோக். இருவருமே ஆரம்பத்தில் ஃபார்முலா மாருதி ஓட்டியவர்கள். நடிகர் அஜித்குமாரும் 2000-களின் தொடக்கத்தில் அந்தக் காரில் ஓட்டியவர்தான். துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அவருடைய அணியின் போர்ஷே தன் பிரிவில் மூன்றாமிடம் பிடித்தது 2025 ஜனவரியில். இடையே இருபது வருடங்களுக்கு மேல் ஓடியிருக்கின்றன.

செட்டிபாளையத்திலிருந்து திரும்பும்போது சூலூர்ப் பக்கம் வண்டியைத் திருப்பினால் கலங்கல் கிராமம். ஜி.டி.நாயுடு 1893-ல் பிறந்த ஊர். மோட்டார் வண்டி மீது ஆசைப்பட்ட அவர், கோவையில் ஹோட்டல் சிப்பந்தியாக வேலை பார்த்துக் காசு சேர்த்து, வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் பழைய மோட்டார் சைக்கிளை வாங்கினார். அதைக் கழற்றிப் பூட்டித்தான் மெக்கானிசம் கற்றார். பிறகு திருப்பூரில் பருத்தித் தொழிலில் சம்பாதித்தார். பம்பாய்க்குப் போய்ப் பருத்தி வியாபாரத்தில் இழந்தார். 1920-ல் ஒரே ஒரு பஸ்ஸோடு மீண்டும் தொடங்கினார். அவினாசி ரோட்டில் உள்ள ஜீடி கார் அருங்காட்சியகத்தில் இன்று விதவிதமான பழைய கார்கள் வரிசையாக நிற்கின்றன. குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போகத் தோதான இடம்.

ஆக, அப்பாவும் பிள்ளையும் டீக்கடையில் பேசித் தீர்த்துக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. முதல் வருடம் வீட்டுக் காரும் பயிற்சிக் கட்டணமும். அதில் ஆசை தணிந்துவிட்டால் நஷ்டம் ஒரு செட் டயரோடு போகும். தணியவில்லையென்றால் இரண்டாம் வருடம் தடத்துக்கென்று ஒரு பழைய வண்டி. அந்த வண்டியை அதன் எல்லை வரை ஓட்டத் தெரிந்த பிறகு, ஆர்டரும் கையிருப்பும் நன்றாக இருந்தால், போர்ஷே ஷோரூமுக்குப் போகலாம். அப்போது ஆசைப்பட்டதற்கும் அர்த்தம் இருக்கும், ஓட்டவும் தெரிந்திருக்கும்.

கிளம்பும்போது தடத்து வாசலில் டயரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, காற்றை மறுபடி சரிபார்த்துக்கொள்வது நல்லது. பல்லடம் ரோட்டில் ஞாயிறு சாயங்காலம் நூல் லோடு ஏற்றிய லாரிகள் வரும். அங்கே எல்லோருக்கும் ஒரே வேகம்தான். திங்கள் காலை எட்டரைக்குக் கம்பெனி ஷிஃப்ட் தொடங்கும்போது கார் வாசலில் நிற்க வேண்டும்.