இரண்டாவது கேபிள்

கதை எழுதிப் பிழைக்கிறவனுக்குக் காட்டுப் பாதையில் ஓட்டுகிற மோட்டார் சைக்கிள் எதற்கு என்று சென்னை நண்பர்கள் கேட்கிறார்கள். நாற்பத்தாறு வயசில் புத்தி தடுமாறிவிட்டது என்று முடிவு கட்டியவர்களும் உண்டு. காரணம் மிகச் சாதாரணமானது. தாண்டிக்குடிக்குக் கீழே, தார் ரோட்டை விட்டு நாலு கிலோமீட்டர் உள்ளே, எங்களுக்கு மூன்று ஏக்கர் காப்பித் தோட்டம் இருக்கிறது. அண்ணன் அங்கேயே தங்கிப் பார்த்துக்கொள்கிறார். மாசத்துக்கு இரண்டு தரம் நான் போய் வருகிறேன். அந்த நாலு கிலோமீட்டரில் ஜீப் போகாது. கல், சேறு, மறுபடியும் கல், நடுவில் ஓர் ஓடை.

அப்பா காலத்தில் அதில் பொதிக் குதிரைதான் போகும். மூட்டையை ஏற்றிய பிறகு, வயிற்று வாருக்குள் இரண்டு விரலை விட்டு இழுத்துப் பார்க்காமல் அப்பா குதிரையைக் கிளப்பமாட்டார். மழை கொட்டினாலும் சரி, வியாபாரி கீழே காத்திருந்தாலும் சரி. அந்தக் குதிரை செத்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

அதன் இடத்துக்குத்தான் இந்த வண்டி வந்தது. கம்பெனிப் பெயரைச் சொல்லி விளம்பரம் செய்ய உத்தேசமில்லை. ஏறக்குறைய 200 சி.சி. முன் சக்கரம் 21 அங்குலம், பின் சக்கரம் 18. பெரிய முன் சக்கரம் கல்லில் முட்டி நிற்காமல் ஏறிப் போய்விடும். இரண்டும் கம்பிச் சக்கரங்கள். அடி விழுந்தால் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். வார்ப்புச் சக்கரமானால் விரிசல் விட்டுவிடும்.

வாங்கின ஜோரில் நான் செய்த அலங்காரத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. இரண்டு பெரிய விளக்கு, பக்கவாட்டில் இரும்புப் பெட்டி, புலி உறுமுகிற மாதிரி சத்தம் போடும் ஒரு சைலன்ஸர். இவ்வளவையும் மாட்டிக்கொண்டு வத்தலக்குண்டில் ஒரு மெக்கானிக்கிடம் போய் நின்றேன். ராஜமையர், பி. எஸ். ராமையா, சி. சு. செல்லப்பா என்று எழுத்தாளர்களாகவே விளைந்த ஊர் அது. அந்த ஊரில் என்னை எழுத்தாளன் என்று அறியாத ஒரே மனிதர் இந்த மெக்கானிக்காகத்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். உண்மையில் அங்கே எவருக்குமே தெரியாது.

எல்லோரும் அவரைப் பாய் என்று கூப்பிடுவார்கள். வண்டியை ஒரு தரம் சுற்றி வந்தார்.

“சார், இது கல்யாணத்துக்கா, காட்டுக்கா?”

“காட்டுக்குத்தான் பாய்.”

“அப்ப இதெல்லாம் எதுக்கு?”

ஒரு மணி நேரத்தில் நான் மாட்டியதையெல்லாம் கழற்றித் தரையில் வைத்துவிட்டார். சைலன்ஸரைப் பற்றி மட்டும் தனியாக உபதேசம் கிடைத்தது. சத்தத்தில் காட்டுமாடு மிரளும், கீழே போலீஸும் பிடிக்கும் என்றார். 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுப் புத்தகத்தில் கண்டபடியில்லாமல் வண்டியை நம் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிறது. பாய்க்குப் பிரிவு எண் தெரியாது. அபராதம் எவ்வளவு என்று தெரியும்.

பிறகு அவர் செய்த மாற்றங்கள் எதுவும் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியாதவை. முன் பல்சக்கரத்தில் ஒரு பல்லைக் குறைத்தார். பிளஸ் டூ வரை பௌதிகம் படித்தவன் என்ற உரிமையில் நான் கணக்குப் போட்டேன்: முன்னே 13 பல், பின்னே 39 என்றால் விகிதம் மூன்று. முன்னே 12 ஆக்கினால் மூன்றேகால். அந்தக் கால் பங்குதான் ஏற்றத்தில் வண்டி திணறாமல் ஆள் நடக்கிற வேகத்தில் ஊர்ந்து போகக் காரணம். ரோட்டில் எஞ்சின் கொஞ்சம் அலறும், அலறட்டும். இரண்டு சக்கரத்துக்கும் பட்டன் டயர். எஞ்சினுக்கு அடியில் கல் அடிக்காமல் ஒரு கனத்த அலுமினியத் தகடு. ரோட்டில் 30 பவுண்டு காற்று வைக்கிற பின் டயரில், மலைக்குத் தனியாகப் போனால் 18, பின்னால் ஆள் உண்டென்றால் 22. காற்று குறைந்தால் டயர் மண்ணை அகலமாகப் பிடிக்கும். ஆனால் ரிம்மை விட்டு நழுவிச் சுற்றி, ட்யூபின் வால்வைப் பிய்த்துவிடும் அபாயமும் உண்டு. அதற்காக டயரின் ஓரத்தை ரிம்மோடு சேர்த்து அழுத்திப் பிடிக்கும் ‘ரிம் லாக்’ ஒன்றை உள்ளே வைத்தார்.

அவர் என்னைப் பழக்கியது ஓட்டுவதற்கல்ல, ஓட்டி வந்த பிறகு செய்கிற காரியங்களுக்கு. செயினை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து 90-ம் நம்பர் எண்ணெய் விடவேண்டும். இறுக்கிக் கட்டக் கூடாது. பின் சக்கரம் மேலும் கீழும் நிறைய ஆடுகிற வண்டி இது, பாதி ஆட்டத்தில் செயின் இன்னும் இறுகும், அதற்கு இடம் வேண்டும். காற்று வடிகட்டியின் பஞ்சை அலசி, நிழலில் உலர்த்தி, எண்ணெயில் தோய்த்து, முறுக்காமல் உள்ளங்கையில் வைத்துப் பிழியவேண்டும். முறுக்கினால் பஞ்சு கிழியும், கிழிசல் வழியாகப் போகிற புழுதி பிஸ்டனைத் தேய்த்துவிடும். சர்வீஸ் நிலையத்தில் பீச்சுகிற தண்ணீர் கோன்செட்டுக்குள் போய்த் துருப்பிடிக்க வைக்கும் என்பதால் வாளித் தண்ணீரும் துணியும்தான். எனக்கு மிகவும் பிடித்த வேலை கம்பி பார்ப்பது. ஸ்குரு டிரைவரால் சக்கரக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போகவேண்டும். இறுகின கம்பி கணீரென்கும், தளர்ந்தது மொத்தென்று சத்தம் போடும். சங்கீத ஞானம் இல்லாத எனக்கே சுருதி பேதம் தெரிந்தது.

கடைசியாகப் பாய் ஒரு காரியம் செய்தார். கிளச் கேபிளுக்குப் பக்கத்திலேயே இன்னொரு புதுக் கேபிளைப் படுக்கவைத்து, முனைகளில் எண்ணெய்த் துணி சுற்றி, பிளாஸ்டிக் பட்டையால் கட்டினார்.

“இருட்டில டாங்க்குக்கு அடியில நுழைச்சு எடுக்க முடியாது சார். இது கூடவே கிடந்தா முனையை மாத்திப் போட்டுக்கிட்டு வந்திரலாம். அஞ்சு நிமிஷ வேலை.”

எட்டு மாசம் அது அப்படியே கிடந்தது. 2022 அக்டோபரில் ஒரு பத்திரிகைக்காரர்கள் என்னை வண்டியோடு படம் எடுக்க வந்தார்கள். உபயோகமில்லாமல் தொங்குகிற அந்தக் கேபிள் அசிங்கமாக இருப்பதாக எனக்குத் தோன்றியது. பட்டைகளை வெட்டி, உருவி, மேஜை இழுப்பறையில் போட்டேன். அப்போதே லீவர் முனையில் பழைய கேபிளின் இழை ஒன்று மீசை மயிர் போல நீட்டிக்கொண்டிருந்தது. பார்த்தேன். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். படம் நன்றாகத்தான் வந்தது.

நவம்பரில் ஒரு சாயங்காலம், மழையில், மிளகுக் கொடிக்கு நிழல் கழித்துக்கொண்டிருந்த அண்ணனின் அரிவாள் வழுக்கி இடது கணுக்காலுக்கு மேல் இறங்கிவிட்டது. வேலையாட்கள் போய்விட்டார்கள். போனில் சிக்னல் இல்லை. காலைத் துண்டால் இறுகக் கட்டி, பின்னால் உட்காரவைத்துக் கிளப்பினேன். ஒரு கிலோமீட்டர் வந்திருப்போம். லீவர் திடீரென்று கையோடு வந்தது.

கேபிள் அறுந்தால் வண்டி நின்றுவிடாது. கிளச் பிடித்தபடியே இருக்கும். இறக்கமானால் நியூட்ரலில் உருளவிட்டு, காலால் முதல் கியரைத் தட்டினால் ஒரு உதறலோடு போகும். அப்படித்தான் போனோம். ஒவ்வோர் உதறலுக்கும் அண்ணனின் விரல்கள் என் தோளில் அழுந்தின.

ஓடைக்கு இந்தப் பக்கம் ஒரு காட்டுமாடு நடுப் பாதையில் நின்றது. நியூட்ரலுக்குத் தள்ளி நிறுத்தினேன். அது சாவகாசமாகப் போயிற்று. எதிரே நூறடிக்கு ஏற்றம். கிளச் இல்லாமல், இரண்டு ஆளைச் சுமந்து, நின்ற இடத்திலிருந்து அந்த ஏற்றத்தில் கிளப்ப முடியாது. இரண்டு தரம் முயன்றேன். இரண்டு தரமும் எஞ்சின் அணைந்தது.

“நான் இறங்கிக்கிறேன்டா” என்றார்.

வண்டியை நான் தள்ள, அண்ணன் ஹாண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு அந்த நூறடியையும் நொண்டியபடி ஏறினார். துண்டு சிவந்து, மழைத் தண்ணீரில் கரைந்து சொட்டியது. வழியில் ஒரு தரம் மட்டும், “அந்தக் கூடக் கிடந்த கேபிள் எங்கேடா?” என்று கேட்டார். வீட்டில் இருக்கிறது என்றேன். சரி என்றார்.

வத்தலக்குண்டில் பதினொரு தையல் போட்டார்கள். நரம்பு தப்பியது. பாயிடம் நடந்ததைச் சொன்னபோது அவர் புதுக் கேபிள்கள் இரண்டை எடுத்து, ஒன்றை மாட்டி, ஒன்றைப் பக்கத்தில் கட்டி, இரண்டுக்கும் காசு வாங்கிக்கொண்டார்.

அண்ணன் இப்போதும் என் பின்னால்தான் இறங்கி வருகிறார். ஏறுவதற்கு முன்னால் லீவருக்குப் பக்கத்தில் கட்டியிருக்கும் முனையை இரண்டு விரலால் இழுத்துப் பார்ப்பார். பிறகு, “போலாம்” என்பார்.