கலப்புப் பொரியல்

இத்தாலியின் வடமேற்கே, அல்ப்ஸ் மலைகளின் அடிவாரத்திலுள்ள பியெமொந்தே பிரதேசத்தில் அஸ்தி என்றொரு நகரம் உண்டு. நம் மொழியில் அச்சொல்லுக்குள்ள பொருளை அவ்வூராருக்கு நான் சொன்னதில்லை. அந்நகரையடுத்த குன்றொன்றிலே, நண்பர் ஒருவரின் வீட்டில், குளிர்கால ஞாயிறொன்றில் விருந்துண்ணும் வாய்ப்புக் கிட்டியது.

உணவின் பெயர் 'பிறித்தோ மிஸ்தோ'. கலந்த பொரியல் என்பது பொருள். இத்தாலியக் கடற்கரையூர்களில் இப்பெயரால் மீனும் கணவாயும் இறாலும் பொரித்துத் தருவர். பியெமொந்தேயிற் கடல் இல்லை, அங்கே இறைச்சிதான். பன்றி அடிக்கும் நாளில், விரைவிற் கெட்டுப்போகும் ஈரல், நுரையீரல், மூளை முதலியவற்றை அன்றே பொரித்துண்ட குடியானவர் வழக்கத்திலிருந்து இது பிறந்தது என்பர். பின்னர் கன்றிறைச்சி, ஆட்டுக்குட்டி விலா, பூக்கோவா, கத்தரிக்காய், காளான் எல்லாம் வந்து சேர்ந்தன. மாடுகளைப் பீடித்த மூளைநோய் காரணமாக 2000ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் 12 மாதம் கடந்த மாட்டின் மூளையை உணவிலிருந்து விலக்கியது. இளங்கன்றின் மூளைக்கு அத்தடை இல்லை. சைவ வாசகர்கள் இதுவரை பொறுத்தருளியமைக்கு நன்றி. இனிச் சொல்லப்போவது இனிப்பு.

பாலிலே ரவையும் சீனியும் எலுமிச்சைத் தோற்சீவலும் இட்டுக் களியாகக் காய்ச்சி, பரப்பி ஆறவிட்டு, சாய்சதுரமாக வெட்டி, முட்டையிலும் பாண்தூளிலும் தோய்த்துப் பொரிக்கின்றனர். மாவிலே தோய்த்த அப்பிள் வளையங்களும், 'அமரெத்தி' என்னும் சிறு கைப்புடைய பிஸ்கோத்துக்களும் அவ்வாறே பொரிபடுகின்றன. இவையெல்லாம் இறைச்சியோடு கலந்தே மேசைக்கு வரும்.

என் பீங்கானில் ஈரலுக்குப் பக்கத்தில் இரண்டு ரவைத் துண்டுகள் வந்து விழுந்தன. இனிப்பைக் கடைசிக்கு வைப்பதே முறையென எண்ணி ஓரமாக ஒதுக்கினேன். அடுப்படியில் நின்ற நண்பரின் தாயார் கண்டுவிட்டார். "தம்பி, அது காத்திராது," என்றார். ஒன்றைத் தின்றேன். ஈரலின் கைப்பு அடங்கியது; அடுத்து வந்த இறைச்சி புதிதாய் ருசித்தது. நாவுக்கு இடையிலே ஓய்வு கொடுக்கும் ஏற்பாடு அது! மற்றத் துண்டோ அதற்குள் ஆறி நமத்துப் போயிற்று.

காத்திராது என்ற சொல்லின் மறுபுறம் எனக்கு மெதுவாகத்தான் விளங்கியது. 15 வகைக்கு மேல்; ஒவ்வொன்றும் பொரிந்த கையோடு வரவேண்டும். மூளைக்குப் போதுமான நேரம் விலாவுக்குப் போதாது. ஆகவே எட்டுப்பேர் இருந்து உண்பதற்கு ஒருவர் நின்றேயாக வேண்டும். அத்தாயார் ஏறக்குறைய இரண்டு மணிநேரம் நின்றார். அவருக்கென்று போட்ட நாற்காலி வெறுமையாகவே கிடந்தது. "நான் இதைப் படிக்கப்போவதில்லை, ஆசை வந்தால் உணவகத்திற் சொல்லிவைப்பேன்," என்றார் மருமகள். அங்குள்ள உணவகங்கள் பலவற்றில் முன்கூட்டிச் சொல்லிவைத்தாலே இது கிடைக்கும். அவரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. அமர்ந்து உண்டவர்களுள் நானும் ஒருவன் அல்லவா?

அப்பிள் வளையங்கள் மூன்று எஞ்சியிருந்தன. நண்பர் எழுந்துபோய்த் தாயாரின் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டு, அவரை நாற்காலியில் இருத்தினார். அவர் பொரித்துக் கொணர்ந்த வளையங்கள் ஒருபுறம் கருகியிருந்தன. தாயார் அவற்றைச் சூடு ஆறுமுன் உண்டார்.