சைத்தான் சிங்கைப் பார்க்கப் போனோம்

லடாக் போகிறேன் என்றதும் வீட்டில் கேட்ட முதல் கேள்வி, "அங்கே தயிர் சாதம் கிடைக்குமாடா?"

தயிர் சாதம் என்ன, மூச்சே கிடைக்காது. லே நகரம் 11,500 அடி உயரம். அதாவது ஒன்றரை ஊட்டி. விமானத்தை விட்டு இறங்கி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாலு எட்டு வைத்தேன். நெஞ்சு தையல் மெஷின் மாதிரி ஓட ஆரம்பித்துவிட்டது. இரண்டு நாள் ஒன்றும் செய்யாமல் படுத்துக் கிடங்கள் என்று ஓட்டல்காரர் கட்டளை. ஆபீஸில் பல வருஷப் பழக்கம் இருந்ததால் அது மட்டும் சிரமமாக இல்லை.

கூட வந்தவன் பாங்க்கில் வேலை பார்க்கும் நண்பன். எல்.டி.ஸி.யில் வந்தவன். டீ குடித்த பில்லைக்கூட மடித்துப் பர்ஸில் வைத்துக்கொள்வான். மூன்றாம் நாள் சாங் லா கணவாயைத் தாண்டி பாங்காங் ஏரிக்குப் போனோம். ஏரி நீலமாக, சத்தியமாக அத்தனை நீலமாக இருக்கிறது. கரையில் '3 இடியட்ஸ்' படத்தில் கரீனா ஓட்டி வந்த ஸ்கூட்டர் மாதிரியே மஞ்சள் ஸ்கூட்டர்களை வரிசையாக நிறுத்தி, ஏறி உட்கார்ந்து போட்டோ எடுக்கக் காசு வாங்குகிறார்கள். நண்பன் அதற்கும் பில் கேட்டான். கிடைக்கவில்லை.

பெரும்பாலோர் அங்கேயே திரும்பிவிடுகிறார்கள். நாங்கள் ஏரிக்கரையோடு மான், மேராக் கிராமங்களைக் கடந்து சுஷுல் பக்கம் போனோம். அதற்குமேல் மரமும் இல்லை, கடையும் இல்லை. காய்ந்த பழுப்பு மலை, தூரத்தில் சில காட்டுக் கழுதைகள், அவ்வளவுதான். டிரைவர் லடாக்கி. நாலு மணி நேரத்தில் நாலு வார்த்தை பேசியிருப்பார். திடீரென்று, "ஸார்ஜி, முன்னாடி ஷைத்தான் சிங் மெமோரியல்" என்றார்.

தூங்கிக்கொண்டிருந்த நண்பன் விழித்துக்கொண்டான். "சைத்தானா? யார்றா அவன்?"

சிரிப்பு வந்தது. ஆனால் ராஜஸ்தானில் அது சாதாரணமாக வைக்கிற பெயர்தான். மேஜர் ஷைத்தான் சிங் ஜோத்பூர் பக்கத்துக்காரர். 1924 டிசம்பர் 1-ல் பிறந்தவர். அப்பா ஹேம் சிங் முதல் உலகப் போரில் பிரான்ஸில் சண்டை போட்டுக் காயப்பட்டு வந்த லெப்டினன்ட் கர்னல். பையன் கல்லூரியில் நல்ல ஃபுட்பால் ஆட்டக்காரர். ஜோத்பூர் சமஸ்தானப் படையில் சேர்ந்து, சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்ததும் குமாவோன் ரெஜிமென்டுக்கு வந்தவர். நாகா மலை, கோவா என்று சுற்றிவிட்டு 1962-ல் மேஜர் ஆனார். அந்த வருஷக் கடைசியில் அவருக்குக் கிடைத்த இடம், ரெசாங் லா.

நினைவிடம் ஒரு பெரிய வெட்டவெளியில் இருக்கிறது. 2021 நவம்பரில் பெரிதாகக் கட்டிப் புதுப்பித்தார்கள். கொடி படபடக்கிறது. அங்கே அடிக்கிற காற்றில் அது சும்மா தொங்கி நான் பார்க்கவில்லை. பழைய கல்லில் மெக்காலேயின் ஆங்கிலக் கவிதை வரிகள் சில, அதன் கீழே 114 பேர் என்று எண்ணிக்கை. ராம், சிங், சந்த் என்று பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஏறக்குறைய எல்லோரும் ரேவாரி, குர்காவ்ன் பக்கத்து அஹீர் வகுப்புக் குடியானவப் பிள்ளைகள். இன்றைக்கு ஹரியானா என்போம். அன்றைக்கு அந்த மாநிலமே கிடையாது, 1966-ல்தான் வந்தது. வெயிலில் விளைந்த பசங்கள். பனியை முன்னே பின்னே பார்த்தவர்கள் ரொம்பக் குறைவு.

நினைவிடத்தில் இருந்த ஜவான் வெளியே கை காட்டி, அதோ அந்த மலைத் தொடர்தான் என்றார். அங்கே போக முடியாது, எல்லைக் கோடு. 'போய்ப் பார்க்கலாமா?' என்று கேட்க வாயெடுத்த நான், என் மூச்சு வாங்குகிற லட்சணத்தை நினைத்துப் பேசாமல் இருந்துவிட்டேன். நாங்கள் நின்ற இடமே 14,000 அடிக்கு மேல். கணவாய் 16,000 அடியையும் தாண்டும்.

நான் பி.காம். எனக்குக் கம்பெனி என்றால் பிரைவேட் லிமிடெட்தான். ராணுவத்தில் கம்பெனி என்றால் சுமார் 120 பேர். 13-வது குமாவோன் பட்டாலியனின் 'ஸி' கம்பெனிதான் ரெசாங் லாவில் இருந்தது. அவர்களுடைய ஐந்தொகையைப் போட்டுப் பாருங்கள். ஒரு தடவை சுட்டால் போல்ட்டை இழுத்துத் திரும்பச் சுட வேண்டிய பழைய .303 துப்பாக்கி. போதாத குளிர் உடுப்பு. சுஷுல் பக்கம் நம் பீரங்கிகள் இருந்தன. ஆனால் நடுவில் ஒரு மலை குறுக்கே நின்றதால் அந்தக் குண்டு இங்கே வந்து விழாது. பற்றுப் பக்கம் இவ்வளவு. வரவுப் பக்கம் ஆட்கள்தான்.

1962 நவம்பர் 18, ஞாயிற்றுக்கிழமை. விடிவதற்கு முன் சீனப் படை ஓடைப் பள்ளங்கள் வழியாக ஏறி வந்தது. முதலில் வந்தவர்களை நம்மவர்கள் சுட்டுத் தள்ளினார்கள். அடுத்த அலை வந்தது, அதையும் தள்ளினார்கள். பிறகு பீரங்கி, மார்ட்டர் குண்டு மழை. நேராக வந்து பலிக்காததால் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டும் வந்தார்கள். டெலிபோன் ஒயர் அறுந்து போயிற்று.

பிளட்டூன்கள் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி இருந்தன. அந்தக் குண்டு மழையில் மேஜர் ஒரு பிளட்டூனிலிருந்து இன்னொன்றுக்கு, அங்கிருந்து அடுத்ததற்கு என்று நடந்துகொண்டே இருந்தார். 'வாடா, என்னை வந்து பாரு' என்று கூப்பிடுகிற ஆபீஸர்களைத்தான் நமக்குத் தெரியும். இவர் ஆளிருக்கும் இடத்துக்குத் தானே போனவர். கையில் பட்டது. அப்புறம் வயிற்றில். இரண்டு மூன்று பேர் அவரைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். மெஷின் கன் அவர்களைத் துரத்திச் சுட்டது. 'என்னை விட்டுவிட்டு நீங்கள் போங்கள்' என்று உத்தரவு போட்டார். ஒரு பாறை மறைவில் அவரைச் சாய்த்து வைத்துவிட்டுப் போனார்கள். முப்பத்தெட்டு வயது ஆக இன்னும் 13 நாள் பாக்கி.

மூன்று நாள் கழித்துச் சண்டை நின்றது. சுஷுல் நம் கையில் இருந்தது. எனக்குத் தொண்டை அடைத்த இடம் இதற்குப் பிறகுதான்.

அந்தக் கம்பெனியில் பிழைத்தவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். சிலர் பிடிபட்டார்கள். மற்றவர்கள் காயத்தோடு தட்டுத் தடுமாறிக் கீழே வந்து, நடந்ததைச் சொன்னார்கள். யாரும் நம்பவில்லை. அந்த வருஷம் வேறு இடங்களில் பட்ட அடி அப்படி. 'எல்லோரும் கடைசி வரைக்கும் நின்றார்களாக்கும்! ஒருத்தன்கூட ஓடவில்லையாக்கும்!' ஆதாரம் மலைமேல் பனிக்கடியில் கிடந்தது. வவுச்சர் இல்லாத கணக்கை யார் பாஸ் பண்ணுவார்கள்?

மூன்று மாதம் போயிற்று. 1963 பிப்ரவரியில் ஆடு மேய்க்கிற ஒருவர் அந்தப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டுச் சேதி சொன்னார். ராணுவம் மேலே ஏறியது. ஆட்கள் அவரவர் பதுங்கு குழியில், அவரவர் இடத்தில், துப்பாக்கி பிடித்த கை பிடித்தபடி உறைந்து இருந்தார்கள். நர்ஸிங் உதவியாளர் தரம்பால் சிங் தஹியாவின் கையில் ஊசியும் பேண்டேஜும். ஆயிரம் மார்ட்டர் குண்டு இருந்ததில் மிச்சம் ஏழு என்று மேஜர் ஜெனரல் இயான் கார்டோஸோ எழுதியிருக்கிறார். அந்த ஏழும் சுடுவதற்குத் தயாராக இருந்தவை. வருஷக் கடைசியில் இருப்புக் கணக்கு எடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இதைவிடச் சுத்தமான கணக்கை நான் பார்த்ததில்லை.

மேஜர், அவரை விட்டுவிட்டு வந்ததாகச் சொன்ன அதே பாறை மறைவில் இருந்தார். சொன்னவர்கள் சொன்னதில் ஒரு வரி பொய் இல்லை.

மற்றவர்களுக்குச் சுஷுலிலேயே சிதை மூட்டினார்கள். அவரை ஜோத்பூருக்குக் கொண்டுபோய் முழு ராணுவ மரியாதையோடு தகனம் செய்தார்கள். பரம் வீர் சக்ரா கொடுத்தார்கள். பிற்பாடு ஒரு எண்ணெய்க் கப்பலுக்கும், 2023-ல் அந்தமானில் ஒரு தீவுக்கும் அவர் பெயர். பாலைவனத்தில் பிறந்து பனியில் செத்தவருக்குக் கடலில் இரண்டு சொத்து! 2025-ல் '120 பஹதூர்' என்று சினிமாவும் வந்தது.

ஜவான் சின்ன கிளாஸில் டீ கொடுத்தார். வாய்க்குப் போவதற்குள் பாதி ஆறிவிட்டது. "எவ்வளவு?" என்று நண்பன் பர்ஸை எடுத்தான். ஜவான் தலையாட்டி மறுத்துவிட்டார். அன்றைக்கு முதல் தடவையாக அவன் பில் கேட்கவில்லை.

திரும்பும்போது இருட்டிவிட்டது. காலையில் பர்மிட்டைப் பார்த்து எங்கள் பெயரை எழுதிக்கொண்ட அதே செக் போஸ்ட். மப்ளர் சுற்றிய இன்னொரு ஜவான் டார்ச் லைட்டை வண்டிக்குள் அடித்து, ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். நோட்டைப் புரட்டி, எங்கள் வரியைத் தேடிக் கண்டுபிடித்து டிக் அடித்தார்.

"மூணு பேர் போனீங்க. மூணு பேர் வந்துட்டீங்க. சரி, போங்க."