காது கேட்குது, சோறு இறங்குது... போதுமா?

சீசன் நேரத்தில் குற்றாலம் பேரருவிப் பக்கம் நின்று பேசிப் பாருங்கள். பக்கத்தில் இருப்பவர் சொல்வது காதில் விழும், ஆனால் புரிந்துகொள்வதற்குள் மூளை களைத்துவிடும். காது மந்தமானவர்களுக்கு தென்காசி பஸ் ஸ்டாண்டு இரைச்சலே அருவிதான்! சத்தமில்லாத அறையில் எடுக்கும் ஆடியோகிராம் இந்தக் களைப்பைக் காட்டாது.

அதை அளக்க, இரைச்சலுக்கு நடுவே சொற்களைத் திருப்பிச் சொல்லச் சொல்லி, கூடவே இன்னொரு சின்ன வேலையும் கொடுப்பார்கள். கேட்கச் சிரமப்பட்டால் அந்த வேலை தடுமாறும். கண்ணின் பாப்பா விரிவதையும் அளப்பார்கள். இவை இன்னும் பெரும்பாலும் ஆய்வுக்கூடங்களில்தான் நடக்கின்றன.

விழுங்குவதும் இப்படித்தான். பக்கவாதம் வந்தவருக்கு 90 மில்லி தண்ணீரை நிறுத்தாமல் குடிக்கக் கொடுத்து, இருமுகிறாரா, குரல் மாறுகிறதா என்று நிபுணர்கள் பார்ப்பார்கள். (வீட்டில் செய்து பார்க்க வேண்டாம்.) இருமல் இல்லையென்றால் நிம்மதியா? சிலருக்கு உணவு மூச்சுக்குழாயில் இறங்கினாலும் இருமலே வராது. கடைசியில் நிமோனியா! சந்தேகம் இருந்தால், பேரியம் கலந்த உணவு தொண்டையில் இறங்குவதை எக்ஸ்ரே வீடியோவாகப் பார்ப்பார்கள். அல்லது மூக்கு வழியாக மெல்லிய கேமராக் குழாயை விடுவார்கள். இந்த முறையை சூசன் லாங்மோர் குழுவினர் 1988ல் வெளியிட்டார்கள்.

வீட்டுப் பெரியவர் "கேக்குது", "இறங்குது" என்று சொன்னால், அதற்கு அவர் எவ்வளவு பாடுபடுகிறார் என்பதையும் கொஞ்சம் கவனியுங்கள்.