பொசிஷன் எங்கே நிற்கிறது?

ஆயர் கெரோவில் ஒரு சிறிய மென்பொருள் அலுவலகத்தில் ஜாவா பழகுகிறேன். சொல்லிக்கொடுக்கும் அண்ணன் ஜாசின் பக்கம் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர். 1896-இல் டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்ட மாநிலம் இது. பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டாலும் பால் கணக்கை அண்ணன் மறக்கவில்லை. எனக்குக் கொடுத்த பயிற்சியும் அதுதான்: பாலின் எடை, அடுத்து ஊர்ப் பெயர், இரண்டையும் கோப்பில் எழுத வேண்டும்.

2002-இல் ஜாவா 1.4-உடன் வந்த பைட்பஃபரைத்தான் இதற்குப் பயன்படுத்தச் சொன்னார். 64 பைட் பஃபர். நிரலை அவரே எழுதிக் காட்டிவிட்டு, "ஓட விடாதே தம்பி. கோப்புக்கு எத்தனை பைட் போகும், முதலில் சொல்லு" என்றார். இந்தப் பழக்கத்துக்காகவே அவரிடம் எத்தனை நாளும் கற்கலாம்.

எடை ஒரு டபுள், எட்டு பைட். எழுதியதும் பொசிஷன், அதாவது அடுத்து எழுத வேண்டிய இடம், 8. பெயருக்காக அந்த இடத்திலிருந்து ஒரு சார் வியூ எடுக்கிறோம். வியூவுக்கென்று தனி நினைவகம் இல்லை. அதே பைட்டுகளை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பார்க்கிறது. 'ஜாசின்' கண்ணுக்கு மூன்று எழுத்து. ஜாவாவுக்கு ஜ, துணைக்கால், ச, இகரக் குறி, ன, புள்ளி என ஆறு சார், அதாவது பன்னிரண்டு பைட். பெயரை எழுதியதும் வியூவின் பொசிஷன் 6. பைட்பஃபரின் பொசிஷன் அதே 8-இல்தான் நிற்கும். ஒரே செக்ரோல் புத்தகத்தில் இரண்டு கிராணிகள் ஆளுக்கொரு விரலை வைத்துக்கொண்டு எழுதுவது போல. ஒருவர் விரல் நகர்ந்தால் மற்றவர் விரல் நகராது.

இந்த நிலையில், கோப்புக்கு அனுப்புவதற்காக ஃப்ளிப் செய்தால் லிமிட் 8, பொசிஷன் 0. ஃபைல்சேனல் இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதை மட்டுமே எழுதும். எடை போய்விடும், பெயர் போகாது. பிழைச் செய்தி எதுவும் வராது என்பதுதான் கொடுமை. ஆகவே ஃப்ளிப்புக்கு முன் பைட்பஃபரின் பொசிஷனை நாமே 20-க்கு நகர்த்த வேண்டும்: எட்டோடு, வியூவின் பொசிஷனை இரண்டால் பெருக்கிச் சேர்த்தது. சந்தேகம் வந்தால் பஃபரையே திரையில் அச்சிடலாம். பொசிஷன், லிமிட், கொள்ளளவு மூன்றையும் அதுவே காட்டும்.

அடுத்த பதிவு மெர்லிமாவ், பத்து சார். பைட்பஃபரை மட்டும் கிளியர் செய்து பழைய வியூவிலேயே எழுதினால், அது ஆறாவது இடத்திலிருந்து தொடரும். கிளியர் எதையும் அழிப்பதில்லை, எண்களைத்தான் மாற்றுகிறது. அதனால் கோப்பில் 'ஜாசின்மெர்லிமாவ்' என்று இரண்டு ஊரும் ஒட்டிக்கொண்டு வரும். வியூவையும் தனியாகக் கிளியர் செய்ய வேண்டும்.

பெயர்களின் நீளம் மாறுவதால் எடைக்கு முன்னால் நீளத்தையும் ஓர் இன்ட்டாக எழுதச் சொல்லியிருக்கிறார் அண்ணன். அப்போது வியூ 12-இல் தொடங்கும். பெயருக்கு 26 சார் வரை இடமிருக்கும்.