இரண்டாவது கம்பி

கார் ஓட்டுபவர்களிற் பலர் தம் வாழ்நாளில் ஒருமுறைகூட நினைத்துப் பார்த்திராத ஒரு கம்பியைப் பற்றி இன்று எழுதுகிறேன். காரின் முன்மூடியை, எங்களூர் வழக்கிற் சொன்னால் பொனற்றை, உள்ளேயிருந்து திறக்கும் கம்பி அது. சாரதி குமிழைப் பிடித்து இழுத்தால், உறைக்குள்ளால் ஓடும் அக்கம்பி முன்னாலுள்ள பூட்டை விலக்கும். அது அறுந்தால் பூட்டு பூட்டியபடியே கிடக்கும். கம்பியைத் திருத்துவதற்குப் பொனற்றைத் திறக்க வேண்டும். பொனற்றைத் திறப்பதற்குக் கம்பி வேண்டும்.

எங்கள் வீட்டில் நிற்பது ஒரு மொறிஸ் மைனர் 1000. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் இங்கிலாந்தில் அறிமுகமான அந்த வகைக் கார்கள், 1971இல் உற்பத்தி நிற்கும்வரை 16 இலட்சத்துக்கும் அதிகமாகச் செய்யப்பட்டன. அவற்றுள் ஒன்றை அப்பா பழையதாக வாங்கினார். என்னைவிட மூத்த கார். யாழ்ப்பாணத்து வீதிகளில் மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிறிஜ்ஜும் இத்தனை காலம் ஓடியதற்குக் காரணம் எங்களுடைய பழமைப் பற்று மட்டுமல்ல. புதியது வாங்க வழியில்லாத காலமொன்று எங்களுக்கு இருந்தது.

1990இல் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்குள் பெற்றோல் வருவது ஏறத்தாழ நின்றுபோனது. மின்சாரமும் போனது. கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் மண்ணெண்ணெயில் ஓடப் பழக்கினோம். ஆனால் குளிர்ந்த இயந்திரம் மண்ணெண்ணெயில் இலகுவிற் கிளம்பாது. அது எளிதில் ஆவியாகாத எண்ணெய். ஆகவே பொனற்றைத் திறந்து, சிறு போத்தலில் பொத்திப் பொத்தி வைத்திருக்கும் பெற்றோலிற் சில துளிகளைக் காபரேற்றருக்குள் விட்டு, அந்தச் சூட்டில் இயந்திரத்தைக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட வேண்டும். கிழமைக்கொருமுறை எண்ணெய், தண்ணீர் பார்ப்பதற்காகச் செய்யப்பட்ட கம்பியை, நாங்கள் நாளொன்றுக்கு நாலைந்து தடவை இழுத்தோம்.

1993இல் ஓர் இரவு அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்தது. நான் அப்போது பத்திரிகையிற் சேர்ந்து அதிக காலம் ஆகவில்லை. அப்பா அரிக்கன் லாம்பைக் காரின் கூரையில் வைத்துவிட்டுக் குமிழை இழுத்தார். குமிழ் கையோடு வந்தது. அதன் பின்னால் அறுந்த கம்பியும் வந்தது. தாங்கியில் மண்ணெண்ணெய் இருந்தது. போத்தலிற் பெற்றோல் இருந்தது. இரண்டையும் சேர்க்கும் இடம் மட்டும் பூட்டியிருந்தது. அப்பா கம்பியைப் பார்த்தபடி நின்றார். நான் ஒழுங்கைக்குள் ஓடினேன். அயலவர் ஒருவரின் லாண்ட்மாஸ்ரர்ப் பெட்டியில் பாயை விரித்து அம்மாவைக் கிடத்திக் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு மணித்தியாலத்துக்கு மேலாயிற்று. அம்மா பிழைத்துக்கொண்டார். அந்த ஒரு மணித்தியாலத்தைப் பற்றி அப்பா அதன்பின் ஒருபோதும் பேசியதில்லை.

பேசாமல் ஒரு வேலை செய்தார். சைக்கிளின் பின் பிறேக் கம்பியொன்றைத் தேடி எடுத்து, பூட்டிலிருந்து தனியாக இரண்டாவது கம்பியொன்றைப் போட்டார். உறைக்குள் ஓடும் இக்கம்பிக்கு 1896இல் காப்புரிமை பெற்றவர் ஏர்னஸ்ற் பௌடன் என்பவர். சைக்கிள் பிறேக்கிலும் காரின் பொனற்றிலும் இருப்பது அந்த ஒரே உத்திதான். அப்பாவுக்குப் பௌடனைத் தெரியாது, சைக்கிளைத் தெரியும்.

அதன் நுனியை எங்கே விட்டிருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"தேவை வரேக்க சொல்லுறன் தம்பி. கனபேருக்குத் தெரியக்கூடாது" என்றார்.

காரணம் இருந்தது. மின்சாரமில்லாத ஊரில் கார் பற்றரி பெரும் சொத்து. வானொலிச் செய்தி கேட்பதற்கும் அதுதான். வெளியிலிருந்து பொனற்றைத் திறக்கும் வழியை ஊருக்குச் சொல்ல முடியாது.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமமே இடம்பெயர்ந்தபோது காரைக் கொட்டிலில் விட்டுவிட்டு நடந்தோம். 1996இல் திரும்பி வந்தபோது சில்லுகள் நான்கும் இல்லை, வண்டி இருந்தது. 2002இல் ஏ-9 பாதை திறந்து பெற்றோல் தாராளமாக வந்தது. முதற்கம்பி புதிதாக இருந்ததால் இரண்டாவதை எல்லோரும் மறந்துபோனோம். 2004இல் அப்பா காலமானார். தேவை வரவில்லை, அவரும் சொல்லவில்லை.

தேவை 2022இல் வந்தது. நாடு முழுவதும் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற ஆண்டு. கார் மாதக்கணக்காக அசையாமல் நின்றது. கியூஆர் முறையில் எரிபொருள் கிடைக்கத் தொடங்கியதும் கிளப்பப் போனேன். பற்றரி செத்திருந்தது. குமிழை இழுத்தேன். கடற்காற்றில் துருப்பிடித்து இறுகியிருந்த கம்பி 'டக்'கென்று அறுந்தது. இருபத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்னர் அப்பா நின்ற இடத்தில் நான் நின்றேன். நல்லவேளையாக, ஒருவருக்கும் நெஞ்சுவலி இல்லை.

மண்ணில் மல்லாந்து கிடந்து தேடினேன். முன் பம்பருக்குப் பின்னால், சைக்கிள் ரியூப் துண்டொன்றினாற் சுற்றிக் கட்டியபடி அது இருந்தது. இழுத்தேன். துருத்தூளோடு கையில் வந்துவிட்டது. பதினெட்டு ஆண்டுகளுக்கு மேலாக எவருமே அதை இழுத்துப் பார்த்ததில்லை. பிறகு கராஜிலிருந்து வந்த தம்பி, முன் கிறிலின் இடைவெளியால் வளைத்த கம்பியொன்றைச் செலுத்தி, அரை நாள் மினக்கெட்டுப் பூட்டை விலக்கினார்.

முப்பது ஆண்டுகளாகப் பிறரிடம் கேள்வி கேட்டுப் பிழைத்தவன் நான். யார் யாரையெல்லாமோ பேட்டி கண்டேன். ஒலிப்பதிவுக் கருவி ஓடும்போதும் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொள் என்று இளையவர்களுக்குச் சொன்னேன். என் வீட்டுக்குள் இருந்த ஒரு மனிதரிடம், "அந்தக் கம்பி எங்கே அப்பா?" என்று இரண்டாவது தடவை கேட்கவில்லை. கம்பியை மட்டுமா கேட்கவில்லை என்பதும் அன்று மண்ணிற் கிடந்தபோதுதான் உறைத்தது.

இம்முறை இரண்டு கம்பிகளையும் நானே கூட இருந்து போடுவித்தேன். பழைய கார் வைத்திருக்கும் நண்பர்களுக்காக அதன் முறையைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது கம்பி முதலாவதன் பிடியிலோ ஆணியிலோ தங்கியிருக்கக்கூடாது; ஒன்று கழன்றால் மற்றதும் போய்விடும். உறையின் இரு முனைகளையும் அசையாமல் இறுக்க வேண்டும். இல்லையேல் இழுக்கும்போது உறை நகரும், பூட்டு நகராது. விசிறி, புகைக்குழாய், பற்றரி முனை ஆகியவற்றிலிருந்து தள்ளி, கூரிய வளைவில்லாமல் கொண்டுபோக வேண்டும். கம்பியிற் சிறிது தளர்வு வேண்டும். விறைப்பாக நின்றால் பூட்டு அரைகுறையாக விலகி, ஓடும்போது பொனற் எழும்பக்கூடும். நுனியில் ஈயம் பற்றவைத்தால் இழைகள் பிரியா. உறைக்குள் கிறீஸ் இட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, முடித்தவுடன் பொனற்றைச் சாத்திவிடாதீர்கள். அது திறந்திருக்கும்போதே திருப்புளியாற் பூட்டை அழுத்திப் பூட்டிவிட்டு, இரண்டு கம்பிகளையும் தனித்தனியே இழுத்துப் பாருங்கள். இரண்டும் விடுவித்தால் மட்டும் சாத்துங்கள். பிறகு மாதம் ஒருமுறை இரண்டாவதால் மட்டும் திறவுங்கள். நான் ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை அதைச் செய்கிறேன்.

சென்ற ஆண்டு நல்லூர்த் திருவிழாவுக்கு ரொறன்ரோவிலிருந்து மகள் வந்திருந்தாள். அவளைக் கூட்டிக்கொண்டுபோய் நுனி இருக்கும் இடத்தைக் காட்டினேன்.

"நான் இந்தக் காரை எங்கையப்பா ஓடப்போறன்?" என்றாள்.

"ஓட வேண்டாம் பிள்ளை. தெரிஞ்சிருந்தால் காணும்."

குனிந்து இழுத்தாள். பொனற் ஒரு விரற்கடை எழும்பியது. அப்பம்மா என்று அவள் அழைக்காமலே போன என் தாயாரைப் பற்றியும், அந்த இரவைப் பற்றியும் அவள் கேட்டாள். கார்க் கொட்டிலிலேயே ஒரு வாங்கை இழுத்துப்போட்டு இருந்து, அப்பா பேசாமல் விட்ட ஒரு மணித்தியாலத்தை முதன்முதலாக அவளுக்குச் சொன்னேன்.