ஜெபமும் மிதவை அங்கியும்



2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில், பெரியாறு நீர்த்தேக்கத்தில் உல்லாசப் பயணிகளை ஏற்றிச் சென்ற ‘ஜலகன்யகா’ என்னும் இரண்டடுக்குப் படகு கவிழ்ந்தது. 45 பேர் மாண்டார்கள். கரையோரம் நின்ற விலங்குகளைக் காணப் பலர் ஒரே பக்கமாக நகர்ந்தபோது படகு சாய்ந்ததாகச் செய்திகள் கூறின. 2011-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளிலே, பழவேற்காடு ஏரியில் உல்லாசமாகப் படகேறியவர்களில் 22 பேர் மூழ்கினார்கள். 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில், அளவுக்கு மிஞ்சிய ஆட்களோடு இருட்டிய வேளையில் சென்ற படகு கவிழ்ந்து மேலும் 22 உயிர்கள் போயின. அவர்களில் பலர் குழந்தைகள். இவர்களில் ஒருவரும் துணிகரச் செயலுக்குப் புறப்பட்டவர்கள் அல்லர். நம்மைப் போலவே பிள்ளைகளோடு ஒரு நாளை மகிழ்ச்சியாய்க் கழிக்கப் போனவர்கள்.

நமது வாலிபர் ஐக்கியத்தார் இந்த விடுமுறையில் ஏரிக்கரை ஒன்றுக்குச் சுற்றுலா செல்ல இருக்கிறார்கள். அதற்கான கூட்டத்தில், லைஃப் ஜாக்கெட் எனப்படும் மிதவை அங்கியை அணியாத எவரும் படகில் ஏறக்கூடாது என்று சொன்னேன். மூத்த சகோதரர் ஒருவர், “ஐயா, ஜெபித்துத்தானே புறப்படுகிறோம்? காக்கிறவர் கர்த்தர் அல்லவா?” என்று கேட்டார். நல்ல மனதோடு கேட்ட கேள்வி அது. நம்மில் பலருடைய உள்ளத்திலும் அது இருப்பதால், வேதத்தின் வெளிச்சத்தில் பதில் தேடுவோம்.

அப்போஸ்தலர் 27-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். குளிர்காலம் நெருங்கியபோது பயணம் ஆபத்தானது என்று பவுல் எச்சரித்தார். நூற்றுக்கு அதிபதியோ மாலுமியின் பேச்சையும் கப்பல் எஜமானின் பேச்சையுமே நம்பினான். பின்பு பெருங்காற்றின் நடுவே, கப்பலிலுள்ள ஒருவரும் அழிந்துபோவதில்லை என்னும் வாக்குத்தத்தம் தேவதூதன் மூலமாய்ப் பவுலுக்குக் கிடைத்தது. ஆயினும் கப்பலாட்கள் சிறு படகில் தப்பி ஓட முயன்றபோது, “தேவன் பார்த்துக்கொள்வார்” என்று பவுல் சும்மா இருக்கவில்லை. அவர்கள் கப்பலில் இராவிட்டால் மற்றவர்கள் பிழைக்கமாட்டார்கள் என்று சேவகருக்கு உணர்த்தினார். எல்லாரையும் சாப்பிடச் சொல்லிப் பெலப்படுத்தினார். முடிவில் நீந்தத் தெரிந்தவர்கள் நீந்தியும், மற்றவர்கள் பலகைகளையும் கப்பல் துண்டுகளையும் பற்றிக்கொண்டும், 276 பேரும் கரைசேர்ந்தார்கள். வாக்குத்தத்தம் நிறைவேறியது, அது மரப்பலகைகளின் வழியாக நிறைவேறியது.

பயணத்திற்குமுன் நாம் விரும்பி வாசிக்கிற 91-ஆம் சங்கீதத்தைக் காட்டித்தான், தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதிக்கும்படி சாத்தான் நம் ஆண்டவரைத் தூண்டினான். அவர் மறுத்துவிட்டார். பிதாவின் பாதுகாப்பில் அவருக்குச் சந்தேகம் இருந்ததாலா? இல்லை. பிதாவைச் சோதித்துப் பார்ப்பது விசுவாசமாகாது என்பதை அவர் அறிந்திருந்தார்.

மேலும் இது நம் ஒருவருடைய உயிரைப் பற்றிய காரியம் மட்டுமன்று. உபாகமம் 22:8-ல், புதுவீடு கட்டுகிறவன் மேல்தளத்திற்குக் கைப்பிடிச்சுவர் கட்டவேண்டும் என்று கர்த்தர் கட்டளையிடுகிறார். ஒருவன் அங்கிருந்து விழுந்து மாண்டால் அந்த இரத்தப்பழி வீட்டின்மேல் வரும். அங்கே கைப்பிடிச்சுவர் பிறன்மேல் வைத்த அன்பின் அடையாளம். படகில் மிதவை அங்கியும் அப்படிப்பட்டதே.

ஆகையால் பிரியமானவர்களே, நீங்கள் எந்த நீர்நிலைக்குச் சென்றாலும் இவற்றைக் கைக்கொள்ளுங்கள். படகு கரையைவிட்டு நகருமுன்னே அங்கியை அணிந்து வார்களைப் பூட்டுங்கள். தண்ணீரில் விழுந்தபின் அதைத் தேடி அணிவது மிகக் கடினம். பிள்ளைகளுக்கு அவர்களுடைய அளவிலேயே அணிவியுங்கள். பெரியவருடைய அங்கி நீரில் மேலெழும்பித் தலைவழியே கழன்றுவிடக்கூடும். படம் எடுப்பதற்காக எல்லாரும் ஒரே பக்கம் எழுந்து நிற்காதீர்கள். பாரம் ஒருபுறம் கூடினால் படகு நிலைகுலையும். ஆட்கள் அதிகமாகத் தோன்றினாலும், வானம் இருண்டாலும், ஏறாதிருங்கள். கட்டிய பணம் போனால் போகட்டும். “பயந்தவர்” என்று மற்றவர்கள் நகைத்தாலும் நகைக்கட்டும். பவுலின் எச்சரிப்பையும் அன்று கப்பலில் பெரும்பான்மையோர் ஏற்கவில்லை.

அன்புள்ள பிதாவே, நீர் தந்த புத்தியை உமக்குப் பயந்து உபயோகிக்க எங்களுக்குக் கிருபை தாரும். எங்கள் மகிழ்ச்சியின் நாட்கள் எந்த வீட்டிற்கும் துக்கநாளாய் முடியாதபடி, ஒருவரையொருவர் காக்கும் இருதயத்தை எங்களுக்குத் தாரும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம். ஆமென்.